இருபத்தொரு தாள்களும் ஒரு ஜூம் லென்ஸும்

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டு வரிகளை 1858-ஆம் ஆண்டு ஒருவர் புகைப்படம் எடுத்தார். லின்னேயஸ் டிரைப் என்பது அவர் பெயர். கம்பெனிப் படையில் கேப்டன்; சென்னை மாகாண அரசின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரர். 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்டு, ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை, திருவையாறு என்று சில மாதங்கள் சுற்றினார். மெழுகு பூசிய காகிதமே அவருடைய நெகடிவ். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 15 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் கொண்டது. அந்தப் பயணத்தில் அவர் செய்த வேலைகளிலேயே விசித்திரமானது, மேற்சொன்ன கல்வெட்டுப் படம்தான். கருவியைச் சுவருக்கு இணையாகச் சிறிது சிறிதாக நகர்த்தி எடுத்த 21 படங்களை வரிசையாக ஒட்டி, 19 அடிக்கும் மேல் நீளமுள்ள ஒரே சுருளாக ஆக்கினார்.

ஏன் இருபத்தொன்று? காரணம் எளியது. அவரிடம் இருந்த லென்ஸ் ஒரே கோணத்தில் மட்டும் பார்க்கும். அந்தக் காலத்தில் நெகடிவைத் தாளின்மேல் அழுத்தி அப்படியே அச்செடுப்பார்கள். நெகடிவின் அளவு எதுவோ அதுவே படத்தின் அளவு. பெரிதாக்கவோ, ஓரங்களை வெட்டிவிட்டு நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளவோ வழியில்லை. எழுத்து வாசிக்கும் அளவுக்குத் தெரிய வேண்டுமென்றால் சுவரை நெருங்க வேண்டும். நெருங்கினால் சுவரின் சிறு துண்டுதான் சட்டத்துக்குள் வரும். ஆகவே முக்காலியைத் தூக்குவது, நகர்த்துவது, மட்டம் பார்ப்பது, மீண்டும் எடுப்பது. லென்ஸ் செய்ய முடியாததைக் கால்கள் செய்தன.

இந்த வரலாற்றின் முடிவும் நமக்கு முக்கியமானது. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு அரசின் கஜானா நெருக்கடியில் இருந்தது. 1859-இல் சென்னை ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன், புகைப்படம் என்பது அரசு தாங்கத் தேவையில்லாத ஆடம்பரச் செலவு என்று கருதி அந்தத் திட்டத்தை நிறுத்தினார். டிரைப் போகாத ஊர்கள் போகாத ஊர்களாகவே நின்றன. காவிரிப் படுகையில் கோயிலுக்கும் கல்வெட்டுக்கும் குறைவில்லாத நூற்றுக்கணக்கான ஊர்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஒரு படம்கூடக் கிடையாது. ஓர் ஊரின் முகம் பதிவாகுமா என்பதை ஊரின் பழமையோ அழகோ தீர்மானிப்பதில்லை. யார் கையில் கருவி இருந்தது, அதற்கு யார் பணம் கொடுத்தார்கள் என்பதுதான் தீர்மானிக்கிறது.

நன்னிலம் போன்ற ஊரில் இருந்துகொண்டு, கைக்கு எட்டும் விலையில் ஒரு பழைய ஜூம் லென்ஸ் வாங்கி இன்றைய கேமராவில் பொருத்த விரும்புபவரின் கேள்வியை இந்த இடத்திலிருந்து தொடங்குவதே சரி என்று தோன்றுகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் அது கடைச்சரக்குக் கேள்வி. ஆனால் அதற்கான விடை நூற்றைம்பது ஆண்டுகளின் ஆடம்பரம், தட்டுப்பாடு, கைவிடல் ஆகியவற்றின் வழியாகத்தான் கிடைக்கிறது. எந்த லென்ஸ் ஏன் மலிந்தது என்று தெரிந்தவருக்கே எதை வாங்கலாம் என்று தெரியும்.

* * *

முதலில் இடம். நன்னிலம் இன்று திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது. 1997-க்கு முன்பு வேறு மாவட்டம், அதற்கும் முன்பு பழைய தஞ்சை ஜில்லா. ஊரின் நடுவே மதுவனேசுவரர் கோயில். யானை ஏற முடியாதபடி உயர்ந்த தளத்தின்மேல் கட்டப்பட்ட மாடக்கோயில்களில் ஒன்று. சுற்றுவட்டத்தில் மணிக்கணக்கில் நின்று பார்க்கத்தக்க ஊர்கள்: லலிதாம்பிகையின் திருமீயச்சூர், அகழி சூழ்ந்த திருப்புகலூர், யமனுக்குத் தனிச் சந்நிதி உள்ள ஸ்ரீவாஞ்சியம், ஒட்டக்கூத்தரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கூத்தனூர், சௌரிராஜப் பெருமாளின் திருக்கண்ணபுரம். இவற்றுக்கு நடுவே வாய்க்காலும் வரப்பும் வயலும்.

இந்த நிலத்தில் படம் எடுப்பவருக்கு இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று, இங்கே மேடு இல்லை. மலைநாட்டில் ஒரு பாறைமேல் ஏறி நின்றால் காட்சி தானாக அமைந்துவிடும். தட்டையான நெல்நிலத்தில் எங்கே நின்றாலும் கண்மட்டம் ஒன்றேதான். தொலைவை மாற்றினால்தான் படம் மாறும். இரண்டு, தொலைவை மாற்ற நிலம் விடுவதில்லை. நடவு நடக்கும் வயலில் பெண்களின் வரிசையை எடுக்க வேண்டுமென்றால் நிற்கக்கூடிய இடம் வரப்பு மட்டுமே. முன்னால் சேறு, பின்னால் வாய்க்கால். கோயிலுக்குள் போனால் திருச்சுற்றின் மதில் முதுகில் இடிக்கிறது. கால்களால் நெருங்கலாம், விலகலாம் என்ற பாடப்புத்தக அறிவுரை இங்கே பாதிதான் செல்லும்.

நின்ற இடத்திலிருந்தே சட்டத்தைச் சற்று விரிக்கவும் சுருக்கவும் உதவுவதே நடுத்தர ஜூம். 35 மி.மீ. படச்சுருளின் அளவுக்கணக்கில் குவியத்தொலைவு 35-இலிருந்து 70 வரை, அல்லது 28-இலிருந்து 85 வரை மாறும் லென்ஸ்களை இந்தப் பெயரால் குறிக்கலாம். 35 மி.மீ.யில் மூலைக்கு மூலை ஏறத்தாழ 63 பாகை தெரியும், 70 மி.மீ.யில் 34 பாகை. பறவையை எட்டிப்பிடிக்க இது போதாது. கோபுரத்தை அடியிலிருந்து முழுதாக அள்ளவும் போதாது. ஒரு மனிதன் நின்று சாதாரணமாகப் பார்ப்பதையும், பார்த்ததில் ஒன்றைக் கவனிப்பதையும் அது செய்யும். ஆவணப்படுத்தும் வேலையில் பெரும்பகுதி அவ்வளவுதான்.

* * *

ஜூம் லென்ஸ் முதலில் சினிமாவுக்காகவே பிறந்தது. 1932-இல் டெய்லர், டெய்லர் அண்ட் ஹாப்சன் என்ற ஆங்கிலேய நிறுவனத்தின் தயாரிப்பாக, பெல் அண்ட் ஹவல் விற்ற குக் வாரோ 40 முதல் 120 மி.மீ. வரை மாறக்கூடியது. திரையில் ஒரு முகத்தை நோக்கிப் பார்வையாளரை இழுத்துச் செல்லும் வித்தை சினிமாக்காரர்களுக்குத் தேவைப்பட்டது. அசையாப் படக்காரர்களுக்கு அந்தத் தேவை இல்லை. அவர்களுக்கு வேண்டியது கூர்மை. அதை ஜூம் தராது என்பது அன்றைய பொது நம்பிக்கை. நியாயமான நம்பிக்கையும்கூட.

ஒரு குவியத்தொலைவுக்கு லென்ஸ் வடிவமைப்பது, ஒரு சுருதியில் வாத்தியத்தைக் கூட்டுவது போல. ஜூமில் கண்ணாடித் துண்டுகளின் இடைவெளி மாறிக்கொண்டே இருக்கும். மாறும் ஒவ்வொரு நிலையிலும் நிறப்பிறழ்ச்சி, வளைவு, மங்கல் என எல்லாக் குறைகளையும் கட்டுக்குள் வைக்க வேண்டும். கண்ணாடிகள் கூடக்கூட ஒவ்வொரு பரப்பிலும் ஒளி சிறிது பிரதிபலித்து உள்ளேயே அலையும். அதனால் படம் வெளிறும். கையால் கணக்குப்போட்ட காலத்தில் இது மலைப்பான வேலை. கணிப்பொறி வந்து கணக்கை எளிதாக்கியது. பிரதிபலிப்பைக் குறைக்கும் பல அடுக்குப் பூச்சு 1970-களில் பரவி ஒளியிழப்பைக் குறைத்தது. இந்த இரண்டும் சேர்ந்தபிறகுதான் ஜூம் தலைநிமிர்ந்தது. பழைய ஜூம் வாங்குபவர் மறக்கக்கூடாத முதல் வரலாற்றுச் செய்தி இது.

1959-இல் ஃபோக்லேண்டர் நிறுவனம் வெளியிட்ட ஸூமார், 36 முதல் 82 மி.மீ., எஃப் 2.8. 35 மி.மீ. கேமராவுக்கான முதல் ஜூம் இதுதான். வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஃபிராங்க் பேக் இதை உருவாக்கினார். கனமானது, விலை மிக்கது. இன்று சேகரிப்பாளர்களின் பொருள். நமக்கு ஆகாது.

1963-இல் நிக்கான் 43 முதல் 86 மி.மீ. ஜூமைக் கொண்டுவந்தது. சாதாரண மக்கள் வாங்கும் விலையில், சாதாரண லென்ஸ் போலக் கையில் அடங்கும் அளவில் ஒரு ஜூம் என்பது இதன் நோக்கம். ஏராளமாக விற்றது. கூடவே கெட்ட பெயரையும் சம்பாதித்தது. அகலக் கோணத்தில் நேர்கோடுகள் வெளிநோக்கி வளையும், மறுமுனையில் உள்நோக்கி வளையும். 1976-இல் கண்ணாடி அமைப்பை மாற்றித் திருத்திய வடிவம் வந்தது. ஆனால் முதல் வடிவத்தின் அவப்பெயர் ஜூம் என்ற இனத்தின்மேலேயே ஒட்டிக்கொண்டது. ‘பழைய ஜூமா, வேண்டாம்’ என்று இன்றும் சொல்பவர்கள் பலர் இந்த ஒரு லென்ஸின் நினைவைத்தான் சுமந்துகொண்டிருக்கிறார்கள்.

திருப்பம் 1973-இல். கேனன் வெளியிட்ட 35-70 மி.மீ., எஃப் 2.8-3.5 லென்ஸ், முன்னால் ஒளியை விரிக்கும் ஒரு தொகுதி, பின்னால் அதைக் குவிக்கும் ஒரு தொகுதி என்ற இரண்டே தொகுதிகளை வைத்து, அவற்றின் இடைவெளியை மாற்றி இயங்கியது. இந்த அமைப்பினால் 35 மி.மீ. என்ற அகலக் கோணம்வரை ஜூமால் இறங்கிவர முடிந்தது. 43-இலிருந்து 35-க்கு வந்தது சிறிய எண் மாற்றமாகத் தோன்றலாம். திருச்சுற்றில் மதிலோடு முதுகு ஒட்டி நிற்பவருக்கு அது ஒரு தூண் உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் உள்ள வித்தியாசம்.

அதன்பிறகு ஏறத்தாழப் பத்தாண்டுகள், எல்லா ஜப்பானிய நிறுவனங்களும் 35-70 செய்தன. உலோக உடல், மென்மையாகத் திரும்பும் வளையங்கள், எந்த முனையிலும் மாறாத எஃப் எண் என்று கவனமாகச் செய்யப்பட்டவை அவற்றில் பல. மினோல்டாவின் 35-70 எஃப் 3.5 நல்ல உதாரணம். 1972 முதல் மினோல்டாவும் ஜெர்மனியின் லைக்காவும் கூட்டுறவில் இருந்தன. லைக்கா தன் பெயரில் விற்ற 35-70 எஃப் 3.5 அந்தக் கூட்டுறவின் வாரிசுகளில் ஒன்று. லைக்கா பெயர் பொறித்தது பல மடங்கு விலைக்குப் போக, மினோல்டா பெயர் பொறித்தது பழைய பொருள் கடையில் கிடக்கிறது.

* * *

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது காவிரிப் படுகையில் என்ன இருந்தது?

அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் இறக்குமதிக் கட்டுப்பாடும் இருந்த காலம் அது. நடுத்தரக் குடும்பத்துக்குக் கிடைத்த கேமரா பெரும்பாலும் பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக் 3. ஒரே லென்ஸ், வெயிலா மேகமா என்ற அளவில் சரிசெய்துகொள்ளலாம். உதகமண்டலத்தின் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1967 முதல் ‘இந்து’ ஃபிலிம் தயாரித்தது. சற்று வசதியானவர்களிடமும் ஸ்டுடியோக்காரர்களிடமும் யாஷிகா இருந்தது. சோவியத் ஸெனித்தும் புழங்கியது. சிங்கப்பூருக்கும் மலேயாவுக்கும் பின்னர் வளைகுடாவுக்கும் ஆட்களை அனுப்பிய கூத்தாநல்லூர், நாகூர் போன்ற ஊர்களின் வழியாகவும், சென்னை பர்மா பஜாரின் வழியாகவும் ஜப்பானியக் கருவிகள் உள்ளே கசிந்தன. ஆனால் ஜூம் என்பது அந்தக் கசிவிலும் அரிய பொருள்.

இதில் ஒரு முரண் உண்டு. ஜூமைக் கையில் தொட்டிராத அதே மக்கள் அதைத் திரையில் வேண்டிய மட்டும் பார்த்திருந்தார்கள். எழுபதுகளின் தமிழ்ப்படங்களில் அதிர்ச்சி என்றால் முகத்தை நோக்கி விரையும் ஜூம், பிரிவு என்றால் மெல்ல விலகும் ஜூம். ஒரு பத்தாண்டின் உணர்ச்சி இலக்கணமே அதுதான். அந்தப் பத்தாண்டின் பேர்பெற்ற இயக்குநரான கே. பாலசந்தர் 1930-இல் நன்னிலத்தில் பிறந்தவர். அவருடைய ‘அபூர்வ ராகங்கள்’ படத்துக்காக ஒளிப்பதிவாளர் பி. எஸ். லோகநாத் தேசிய விருது பெற்றார். டூரிங் டாக்கீஸின் மணல் தரையில் உட்கார்ந்து ஜூமின் அசைவுக்கு அழுத ஊர்க்காரர்கள், தங்கள் வீட்டுத் திண்ணையையோ தேரோட்டத்தையோ எடுக்க அந்தக் கண்ணாடியைப் பெற்றதில்லை.

விளைவு நம் வீட்டு ஆல்பங்களில் இருக்கிறது. வரைந்த திரைக்கு முன்னால் விறைத்து நிற்கும் ஸ்டுடியோ படங்கள் நிறைய. வேலை செய்யும் அப்பா, களத்துமேட்டில் அத்தை, மாட்டுவண்டி நிற்கும் தெரு என்று வாழ்க்கையின் நடுவில் எடுத்தவை மிகக் குறைவு. ஸ்டுடியோ படங்கள் மதிப்பற்றவை அல்ல. 1956 முதல் தமிழகக் கோயில்களை ஒரு லட்சத்துக்கும் அதிகமான படங்களில் பதிவுசெய்திருக்கும் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பின்னாளில் பழைய தமிழ் ஸ்டுடியோக்களின் படங்களையும் தேடிப் பாதுகாக்க முற்பட்டது அதனால்தான். ஆனால் நிறுவனங்கள் கோயிலைப் படமெடுக்கும், ஸ்டுடியோ கல்யாணத்தைப் படமெடுக்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள அன்றாடத்தை எடுக்க ஊருக்குள்ளிருந்து ஒருவர் வேண்டும்.

* * *

அப்படியானால் அன்று எட்டாத பொருள் இன்று எப்படி மலிந்தது? இரண்டு கைவிடல்களால்.

1985-இல் மினோல்டா, தானாகவே குவியம் காணும் கேமராவை வெற்றிகரமாகச் சந்தைக்குக் கொண்டுவந்து, பொருத்து வளையத்தை மாற்றியது. 1987-இல் கேனனும் மாற்றியது. நிக்கானும் பென்டாக்ஸும் தங்கள் பழைய வளையத்தையே தொடர்ந்தன. ஆனால் கேனனின் எஃப்.டி., மினோல்டாவின் எம்.டி., கோனிகா போன்றவை ஒரே இரவில் அநாதைகளாயின. அவற்றைப் பிற கேமராக்களில் பொருத்தவும் முடியவில்லை. காரணம் மில்லிமீட்டர் கணக்கு. லென்ஸின் பின்வளையத்துக்கும் ஃபிலிமுக்கும் உள்ள தூரம் கேனன் எஃப்.டி.க்கு 42 மி.மீ., புதிய கேனனுக்கு 44. இரண்டு மில்லிமீட்டர் கூடுதலால் அந்த லென்ஸ் தொலைவிலுள்ள எதையும் கூர்மையாகக் காட்டாது. திருத்துவதற்கு இடையில் கண்ணாடி வைக்க வேண்டும். அது படத்தைக் கெடுக்கும்.

மீட்பு 2008-இல் வந்தது. உட்கண்ணாடி இல்லாத, அதாவது மிரர்லெஸ் வகைக் கேமராவை பானசோனிக் அந்த ஆண்டு வெளியிட்டது. 2010-இல் சோனி, 2018-இல் நிக்கானும் கேனனும் தங்கள் புதிய வரிசைகளோடு வந்தன. உட்கண்ணாடி போனதால் அதற்கான இடமும் போனது. சோனி ஈ வளையத்துக்கு 18 மி.மீ., நிக்கான் இஸட்டுக்கு 16, கேனன் ஆர்.எஃப்.க்கு 20 மட்டுமே. பழைய லென்ஸுக்குத் தேவையான 42-ஐயோ 46-ஐயோ எட்ட, வெறும் உலோகக் குழாய் ஒன்றை இடையில் வைத்தால் போதும். அதுதான் அடாப்டர். இருபது ஆண்டுகள் பெட்டியில் கிடந்த கண்ணாடிகள் மீண்டும் கண் திறந்தன.

இதில் எல்லா லென்ஸும் சமமாக மீளவில்லை. எஃப் 1.4, எஃப் 1.2 போன்ற ஒற்றைக் குவிய லென்ஸ்களை ரசிகர்கள் போட்டிபோட்டு வாங்கினார்கள்; விலை ஏறியது. பின்புலம் சுழலும் ஸெனித்தின் ஹீலியோஸ்கூட நாகரிகப் பொருளாயிற்று. நடுத்தர ஜூமுக்கு அந்தக் கவர்ச்சி எதுவும் இல்லை. அதனால் அது சில ஆயிரம் ரூபாயிலேயே நின்றுவிட்டது. தேவையுள்ளவருக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது.

* * *

இனி தேர்வு. வரலாறு தெரிந்தபின் இது நாலைந்து முடிவுகளாகச் சுருங்குகிறது.

முதல் முடிவு, உங்கள் கேமரா. மிரர்லெஸ் என்றால் ஏறக்குறைய எந்த வளையமும் சரி, அநாதையான எம்.டி., எஃப்.டி. லென்ஸ்களையே முதலில் தேடுங்கள், விலையில் அனுகூலம் அங்கேதான். கேனனின் பழைய டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். என்றால் நிக்கான், ஒலிம்பஸ் ஓ.எம்., பென்டாக்ஸ், எம்42 ஆகியவை பொருந்தும், எஃப்.டி.யும் எம்.டி.யும் பொருந்தா. நிக்கான் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர் நிக்கான் லென்ஸோடு நிற்பதே நல்லது. அதிலும் 1977-க்கு முற்பட்ட மாற்றப்படாத வளையம் சில உடல்களைச் சேதப்படுத்தக்கூடும் என்பதால் விசாரித்தே வாங்க வேண்டும்.

இரண்டாவது, உணரியின் அளவு. ஃபிலிம் அளவுள்ள உணரியில் 35-70 தன் இயல்பிலேயே இயங்கும். ஏ.பி.எஸ்.-சி அளவில் ஒன்றரை மடங்கு சுருங்கிப் பார்க்கும். 35 என்பது 52 போல ஆகிவிடும். வயலுக்கும் முகத்துக்கும் அது போதும், மண்டபத்துக்குப் போதாது. அவர்கள் 28-இல் தொடங்கும் ஜூமைப் பார்க்கலாம். அல்லது கேமராவோடு வந்த லென்ஸை அகலக் கோணத்துக்கு வைத்துக்கொண்டு, பழைய ஜூமை மனிதர்களுக்கென்று ஒதுக்கலாம். மைக்ரோ ஃபோர் தர்ட்ஸில் இரண்டு மடங்கு. அங்கே 35-70 என்பது நடுத்தர ஜூமாகவே இராது.

மூன்றாவது, எந்த லென்ஸ். மினோல்டா 35-70 எஃப் 3.5-ஐ முதலில் சொல்வேன். பின்னால் வந்த மாக்ரோ வசதியுள்ள வடிவம் கல்லெழுத்துக்கு உதவும். நிக்கான் வளையம் வேண்டுமென்றால் 1981-இல் வந்த சீரிஸ் ஈ 36-72 எஃப் 3.5. மலிவு வரிசை என்ற முத்திரையால் மதிப்பிழந்து கிடப்பது. எடை குறைவாக இருக்க வேண்டுமென்றால் ஒலிம்பஸ் 35-70 எஃப் 3.5-4.5. எதிர்காலத்தில் கேமரா மாறலாம் என்று நினைப்பவருக்கு டாம்ரான் எஸ்.பி. 35-80 எஃப் 2.8-3.8, அதன் அடாப்டால் 2 என்ற ஏற்பாட்டில் பின்வளையத்தை மட்டும் கழற்றி மாற்றலாம். 43-86-இன் முதல் வடிவத்தை வரலாற்று ஆர்வத்துக்காக வாங்கலாம், தூண்களை எடுக்க வாங்கக் கூடாது.

நான்காவது, அடாப்டர். பெரும்பாலோர் கடைசியில் நினைத்து மலிவாக வாங்குவது இதைத்தான். தொலைவு தவறாமல் எட்ட வேண்டுமென்று சில மலிவு அடாப்டர்களைத் தேவையானதைவிடச் சற்றுக் குட்டையாகச் செய்கிறார்கள். ஒற்றைக் குவிய லென்ஸில் இது தெரியாது. ஜூமில் தெரியும். 70-இல் குவியம் பார்த்து 35-க்குத் திருப்பினால் கூர்மை கலைந்துவிடும். பழைய ஜூம்களில் பலவற்றின் சிறப்பே, நீண்ட முனையில் குவியம் பார்த்துவிட்டு எந்தக் கோணத்துக்குத் திரும்பினாலும் குவியம் நிற்பது. அதை ஒரு மட்டமான குழாய் அழித்துவிடும். ‘இந்த லென்ஸ் அகலத்தில் மங்கல்’ என்ற புகார்களில் ஒரு பகுதி லென்ஸின் குற்றம் அன்று.

* * *

வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றில் நம் மண்ணுக்கே உரிய ஒன்று பூஞ்சை. கடலும் ஆறும் வயல்நீரும் சூழ்ந்த படுகையில் ஐப்பசி முதல் மார்கழி வரை காற்றே ஈரம். இருண்ட ஈரமான இடத்தில் கண்ணாடிப் பரப்பில் சிலந்தி வலைபோலப் பூஞ்சை படரும். முற்றினால் பூச்சை அரித்துத் தழும்பு விடும். ஒற்றைக் குவிய லென்ஸில் ஆறேழு கண்ணாடிகள் என்றால் ஜூமில் எட்டும் பத்தும் அதற்கு மேலும். பூஞ்சைக்கு அத்தனை வீடுகள். பிரித்துத் துடைக்கக் கூலியும் அதிகம், பிரித்தபின் பழையபடி நேராகச் சேர்வதும் நிச்சயமில்லை. ஆகவே ஒற்றைக் குவிய லென்ஸில் பொறுத்துக்கொள்ளும் சிறு பூஞ்சையை ஜூமில் பொறுக்கக் கூடாது.

சோதனை எளிது. துளையை முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் விளக்கைச் சாய்வாகப் பிடித்து முன்பக்கம் பாருங்கள். நூல்நூலாக இருந்தால் பூஞ்சை. பாலாடைபோல வெளிறியிருந்தால் எண்ணெய் ஆவி படிந்த மங்கல். ஓரத்தில் வானவில் நிறம் தெரிந்தால் ஒட்டிய கண்ணாடிகள் பிரிகின்றன என்று பொருள். சில தூசிகளைப் பற்றிக் கவலை வேண்டாம். துளையின் இதழ்கள் சட்டென்று மூடித் திறக்க வேண்டும். லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்தால் தள்ளி இழுக்கும் வகை ஜூம் தானாகவே நழுவும். லேசான நழுவல் வயதின் இயல்பு, சடசடவென்று இறங்கினால் விட்டுவிடுங்கள்.

வாங்கியபின் தோல் உறையில் வைக்காதீர்கள்; தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். அரிசிப் பானைக்குள் வைக்கும் பழக்கமும் வேண்டாம். அரிசி சிறிது ஈரம் உறிஞ்சும், ஆனால் தவிட்டுத் தூளையும் வண்டையும் சேர்த்துத் தரும். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், மாதத்துக்கொருமுறை அவற்றைச் சூடாக்கி உலர்த்துவது. இவ்வளவே. எல்லாவற்றையும்விட நல்ல மருந்து, லென்ஸை வெளியே எடுத்துப் பயன்படுத்துவது.

நடவுக் காலத்தில் நீர் நிறைந்த வயல் முழுக்கக் கண்ணாடிதான். மேலேயிருந்தும் கீழேயிருந்தும் வெயில் லென்ஸுக்குள் பாயும். பழைய பூச்சு அதைத் தாங்காது. ஒரு ஹூட் அவசியம். நேர்கோடுகளின் சிறு வளைவைக் கணிப்பொறியில் நிமிர்த்திக்கொள்ளலாம். உடலுக்குள்ளேயே நடுக்கம் தணிக்கும் வசதியுள்ள கேமராவில் குவியத்தொலைவை நாமே பதிய வேண்டும். ஜூமை எந்த எண்ணில் வைத்து எடுக்கிறோமோ அந்த எண்.

* * *

கோயில் திருப்பணிகளில் மணலை வீசிக் கல்லைச் சுத்தம் செய்த இடங்களில் எழுத்துகள் மழுங்கிய செய்திகளை நாம் வாசித்திருக்கிறோம். சுதைச் சிற்பங்களின் மேல் புதிய வண்ணம் ஏறுகிறது. ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. நடவு வரிசைகளின் இடத்துக்கு இயந்திரம் வந்துகொண்டிருக்கிறது. இவற்றில் எதையும் தடுக்கச் சொல்ல இந்தக் கட்டுரை முயலவில்லை. மாறுவதற்கு முன் எப்படி இருந்தது என்று காட்ட ஒரு படம் இருக்க வேண்டும் என்பதே அதன் ஆசை.

பழைய ஜூம் கிடைத்ததும் செய்துபார்க்க ஒரு வேலை சொல்லலாம். அனுமதி உள்ள இடத்தில், உங்கள் ஊர்க் கோயிலின் அடித்தளக் கல்வெட்டு ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். காலையோ மாலையோ, வெயில் சாய்வாக விழும் நேரம். அப்போதுதான் வெட்டின் ஆழம் நிழலாகத் தெரியும். லென்ஸை 50-க்கு அருகில் வையுங்கள். வளைவு பெரும்பாலும் மிகக் குறைவாக இருக்கும் இடம் அது. துளை எஃப் 8. சுவரிலிருந்து ஒரே தொலைவில், மூன்றில் ஒரு பங்கு மேல்படியும்படி நகர்ந்து நகர்ந்து எடுங்கள். ஜூமைத் தொடாதீர்கள். டிரைப் செய்த அதே வேலைதான். அவருக்கு அரசாங்கத்தின் பணமும், சுமையாட்களும், மெழுகுக் காகிதமும் தேவைப்பட்டன. அரசாங்கம் ஆடம்பரம் என்று சொன்ன அன்று அவர் நிறுத்த வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இருபத்தொரு படங்கள் போதவில்லை என்றால் இருபத்திரண்டாவதையும் எடுக்கலாம்.